உள்ளே இருந்தவனின் காலம்

வக்கீல் குமாஸ்தா உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

உங்களில் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விசாரணைக் கைதியாக ஒருவன் உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்வதுதான் சட்டத்திலேயே இருக்கிறதே, அதற்கு ஏன் வக்கீல் வாதாட வேண்டும் என்றார். இன்றைய சட்டத்தைப் படித்தவருக்கு எழக்கூடிய நியாயமான கேள்வி அது. நான் தொழில் பழகிய முப்பதுகளில் அப்படி ஒரு வாசகம் சட்டப் புத்தகத்தில் கிடையாது. தீர்ப்புக்கு முன் ஒருவன் எவ்வளவு காலம் கம்பிக்குப் பின்னால் கிடந்தாலும், தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்துதான் தண்டனை தொடங்கும். முன்னால் போனதைக் கருதுவதும் கருதாததும் நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. அந்த மனத்தை அசைக்க எங்கள் வக்கீல் ஒருமுறை எழுந்து நின்றார், வெற்றியும் பெற்றார். ஆனால் எங்கள் ஆபீசு தோற்ற வழக்குகளின் வரிசையிலேயே நான் அதை வைத்திருக்கிறேன். ஏன் என்பதை இந்த உத்தியோகத்தில் நிலைக்கப்போகிற நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எங்கள் ஆபீசின் வழக்கத்தைச் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன். அடிதடி வழக்கு எது வந்தாலும் எங்கள் வக்கீல் முதலில் செய்வது வாய்தா வாங்குவது. அடிபட்ட சூட்டில் வரும் சாட்சி எல்லோரையும் சேர்த்துக் காட்டிக்கொடுப்பான். நாலைந்து முறை வயல் வேலையை விட்டுக் கோர்ட்டு வாசலில் காத்துத் திரும்பினால் அவனுக்கே அலுத்துப்போகும். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். ஜாமீனில் வெளியே இருக்கும் கட்சிக்காரருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. வக்கீலுக்கு வயிற்றுவலி, வக்கீலின் உறவினர் வீட்டில் கலியாணம், இன்னொரு கோர்ட்டில் இன்னொரு வழக்கு என்று காரணங்களுக்குக் குறைவில்லை. எழுதுகிற வேலை என்னுடையது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் இங்கிலீஷின் பெரும்பகுதி வாய்தா மனுக்களை நகல் எடுத்ததில் வந்தது.

வாடிப்பட்டிப் பக்கத்தில் பெரியாறு வாய்க்கால் மடையில் ஒரு நாள் தண்ணீர் முறைக்காகச் சண்டை மூண்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய கை மண்வெட்டிக் காம்பினால் அடிபட்டு முறிந்தது. மூன்று பேர் மீது வழக்கு. இருவர் அவ்வூர் நிலத்துக்காரர் ஒருவரின் அக்காள் மகன்கள். மூன்றாமவர் அந்த நிலத்துக்காரரின் மேலமடை வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுத வீரணன். யாருடைய அடியில் கை முறிந்தது என்பது மடையில் நின்றவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. நிலத்துக்காரர் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து, மூவருக்கும் சேர்த்து ஒரே வக்காலத்தாகக் கொடுத்தார். ஒரே சண்டை, ஒரே வழக்கு, ஒரே வக்கீல். அதில் யாருக்கும் குறை தோன்றவில்லை.

அக்காள் மகன்கள் இருவரும் ஜாமீனில் வெளியே வந்தார்கள். வீரணனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை. அவருக்காக ஜாமீன் நிற்க நிலத்துக்காரர் ஒருவரால்தான் முடியும். "அவனுக்கும் குடுத்துரலாம், அவன் நம்ம பய" என்றார் அவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதையே சொன்னார். கொடுக்கவில்லை. காரணம் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. எதிர்க்கட்சி ஊரோடு அவர் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் ஒருவனாவது உள்ளே கிடக்கிறான் என்பது அந்தப் பேச்சுக்குச் சௌகரியமாயிருந்தது.

வீரணனின் மனைவி பேச்சி. வாய்தாதோறும் சோற்றுத் தூக்கோடு நடந்து வந்து, விலங்கோடு இறங்குகிற புருஷனைப் பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து நிற்பாள்.

"ஏண்ணே, இன்னைக்கும் இல்லையா?"

"இல்லம்மா. தள்ளி வச்சாச்சு."

"கெணத்துத் தண்ணி மாதிரில்ல இருக்கு ஒங்க வாய்தா. எறைக்க எறைக்க ஊறுது." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். பிறகு, "யாருண்ணே கேட்டது, அவுகளா நம்மளா?" என்பாள்.

அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறையும் நேராகப் பதில் சொன்னதில்லை. வக்கீல் நன்மைக்குத்தான் செய்வார் என்பேன். அதை நான் நம்பியும் இருந்தேன்.

பேச்சிக்கும் வீரணனுக்கும் வேண்டியது ஒன்றே. கூலி ஆட்களை வைத்து ஒரு போகத்தைப் பேச்சி எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். ஆனால் நிலத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வருகிற ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும்போது வீரணனே வந்து ஏர் பூட்ட வேண்டும், இல்லையேல் வயல் வேறு ஆளுக்கு. வாரக் குடிக்கு எழுத்தும் கிடையாது, சட்டமும் கிடையாது அக்காலத்தில். வயலில் நிற்பதுதான் பாத்தியம்.

வாய்தா மருந்து வேலை செய்தது. சாட்சிகள் வந்து, அக்காள் மகன்கள் இருவரையும் மடையில் பார்த்ததாக நினைவில்லை என்றார்கள். வீரணனை மட்டும் நன்றாக நினைவிருந்தது. மாஜிஸ்திரேட்டு அந்த இருவரையும் விடுதலை செய்து, வீரணனுக்கு ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தார். ஏற்கெனவே ஏறக்குறைய அவ்வளவு காலம் உள்ளே இருந்தவர் அவர். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலை ஆபீசில் அக்காள் மகன்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்து வக்கீலை விழுந்து வணங்கினார்கள். அவர்கள் போன பிறகு அவர் அந்தக் கூடையைத் தொடவில்லை.

"தண்டனை ரெண்டு வருஷமாயிட்டதே" என்றார் என்னிடம். "அதுல ஒரு வருஷத்தை நாமே போட்டிருக்கோம்."

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போடுவதென்று தீர்மானித்தார். குற்றத்தைப் பற்றி வாதாட இடம் குறைவு. தண்டனையைப் பற்றியே வாதாடுவது, காவலில் கழிந்த காலத்தைக் கருதி, அனுபவித்தது போதும் என்று விடுவிக்கக் கேட்பது என்பது திட்டம். இதற்கு நிலத்துக்காரரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. வீரணனின் கைநாட்டு வாங்க என்னைச் சிறைக்கு அனுப்பினார்.

வார்டர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மாப்ள வீரணா, கோர்ட்டுல இருந்து ஒனக்கு விருந்தாளி வந்திருக்காக. பந்தி போடவா?"

"போடுங்கண்ணே. அவுகளுக்குக் களியில ஒரு உருண்டை சேத்து வைங்க, நடந்து வந்திருக்காக" என்று சொல்லிக்கொண்டே வீரணன் வந்தார். உடம்பு பாதியாயிருந்தது. முதல் கேள்வியே, "வாய்க்கால்ல தண்ணி என்னைக்கித் திறக்குறாக, தெரியுமா?" என்பதுதான்.

நான் அப்பீலை விளக்கினேன். "ஏன் இம்புட்டு நாள் இழுத்துச்சுன்னு ஜட்ஜ் கேப்பாரு. வெளிய இருந்தவங்களுக்காகத்தான் வாய்தா வாங்கினோம், ஒனக்கு அதுல ஒரு லாபமும் இல்லைன்னு வக்கீல் சொன்னா, ஒன்னை விடுறதுக்கு அது நல்ல காரணம்" என்றேன்.

வீரணன் கைநாட்டுக்காக நீட்டிய விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயா பேரு வருமா அதுல?"

"நிலத்துக்காரரைச் சொல்றியா? வரும்போலத்தான் இருக்கு."

"அப்ப அது வேணாண்ணே."

"எது வேணாம்?"

"அந்தப் பேச்சு. நான் எதுக்கு வெளிய வரணும்னு கெடந்து துடிக்கிறேன்? மேலமடையில ஏர் பூட்டத்தானே? வயலு அவுகளுது. அவுக பேரைக் கோர்ட்டுல இழுத்துப்புட்டு அவுக வயல்லயே போயி நிக்க முடியுமா?"

"அவரு ஒனக்கு ஜாமீன்கூட நிக்கலையே, வீரணா."

"அது எனக்குத் தெரியாதாண்ணே? உள்ள இருந்தவன் நானு." அவர் கோபப்படவில்லை. "வேற என்னத்தையாச்சும் சொல்லச் சொல்லுங்க. அலமாரி நெறையப் புத்தகம் வச்சிருக்காகளே, அம்புட்டுலயும் வேற வழி ஒண்ணு இருக்காதா?"

இருக்கும் என்று நான் சொன்ன பிறகே கைநாட்டு வைத்தார். திரும்பி வந்து அவர் சொன்னது அனைத்தையும் வக்கீலிடம் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். "சரி, நாம் பொதுவாகக் கருணை கேட்போம். நிலத்துக்காரர் பேச்சையே எடுக்க வேண்டாம்" என்றார். மனமார்ந்துதான் சொன்னார் என்பதற்கு நான் சாட்சி.

வைகாசிக் கடைசியில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. ஜில்லா கோர்ட்டு அப்போது நாயக்கர் மகாலில் நடந்தது. உயரத்தில் புறாக்கள் சடசடக்க, பெரிய தூண்களுக்கிடையே ஜட்ஜ் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஜட்ஜ் குரலை உயர்த்தாதவர். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தால் பதில் வரும்வரை விடாதவர். பின்வரிசையில் அந்த அக்காள் மகன்கள் இருவரும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வக்கீலும் பார்த்தார்.

எங்கள் வக்கீல் கருணை கேட்டார். குடும்பநிலை, விவசாயம், நீண்ட காவல் என்று வரிசையாகச் சொன்னார். சர்க்கார் வக்கீல் எழுந்து இரண்டே வாக்கியத்தில் முடித்தார். "தாமதம் முழுவதும் குற்றம் சாட்டப்பட்டவர்களுடைய வக்கீல் கேட்ட வாய்தாக்களால் வந்தது. தாமே கேட்டு வாங்கிய தாமதத்துக்குத் தாமே சலுகை கேட்க முடியாது."

ஜட்ஜ் எங்கள் வக்கீலைப் பார்த்தார். "வாய்தாக்கள் தாங்கள் கேட்டவைதானே?"

"ஆம்."

"இந்த மனிதனின் விருப்பப்படியா?"

"இல்லை."

"எனில், யாருடைய விருப்பப்படி?"

வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டினார். அந்த நீதிபதியின் பெருந்தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குச் சங்கடம் புரிந்திருந்தது. "கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டுமானால் தருகிறேன். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அடுத்த வாரம் என்றால் ஆனி பிறந்துவிடும். தண்ணீர் எந்த நாளும் திறக்கலாம். ஆனால் சிறைச்சாலை ஊருக்குள்ளேயேதான் இருந்தது. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். நான் பின்னாலிருந்து வக்கீலின் கவுனைப் பிடித்து இழுத்தேன். "மத்தியானம் வரைக்கும் அவகாசம் கேளுங்க சார். நான் ஓடிப் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்று அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி சொன்னேன்.

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். "இந்த மனிதன் பெயரில் நான் வாங்கிய வாய்தாக்கள் போதும், யுவர் ஆனர். இன்னும் ஒன்று வாங்கக் கூசுகிறேன்" என்றார். அதன் பிறகு அனைத்தையும் சொன்னார். வக்காலத்து யார் கொடுத்தது, வாய்தா யாருக்காக வாங்கப்பட்டது, ஜாமீன் தருவதாகச் சொல்லித் தராமல் விட்டது யார், ஒருவன் உள்ளே கிடந்ததில் யாருக்குச் சௌகரியம் இருந்தது, தாம் அதைத் தெரிந்தும் தெரியாமலும் எப்படி நடத்திக்கொடுத்தார் என்பது வரை. தமக்கு நிலத்துக்காரரின் வழக்குகள் இனி வரமாட்டா என்பதையும், வக்கீல்கள் நடுவில் தம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதையும் அறிந்தே சொன்னார். விலை முழுவதையும் தாமே கொடுப்பதாக அந்த நேரத்தில் அவர் எண்ணினார். பின்வரிசையில் இருந்த இருவரும் வக்கீல் உட்காருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

ஜட்ஜ் அங்கேயே உத்தரவு சொன்னார். வெளியே இருந்தவர்களின் வசதிக்காக உள்ளே இருந்தவனின் காலம் செலவழிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாதது தவறு. தண்டனையை இதுவரை அனுபவித்த அளவாகக் குறைத்து விடுதலை செய்கிறேன் என்றார். எங்கள் வக்கீலைப் பார்த்துத் தலையைச் சிறிது தாழ்த்தினார். நீதிபதி ஒருவர் வக்கீலுக்கு அப்படிச் செய்ததை நான் வேறெப்போதும் கண்டதில்லை. நல்ல மனிதர்கள் பலர் அன்று எங்கள் வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. பேச்சிக்கு ஆள் அனுப்பி, நாளையே புருஷனைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லச் செய்தேன்.

தம்பிமார்களே, அந்த நிறைவு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வீரணன் ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே கோர்ட்டில் நடந்தது ஊரில் சேர்ந்துவிட்டது. நிலத்துக்காரர் ஏசவில்லை, அடிக்கவில்லை. வாசலில் வந்து நின்ற வீரணனைப் பார்த்து, "வா வீரணா. கோர்ட்டுல எங்களைப் பத்தியெல்லாம் பேச வைக்கிற அளவுக்குப் பெரிய மனுசனாயிட்டே. பெரிய மனுசனுக்கு எதுக்குப்பா வார நெலம்?" என்றாராம். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது மேலமடையில் வேறொருவரின் ஏர் நின்றது.

நான் இதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். எங்கள் வக்கீல் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால், "வாய்தா வாங்கும் யோசனை என்னுடையது; என் யோசனைக்காக இவன் வதைபடலாகாது" என்று சொல்லி அவர் நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மையே. அந்த ஜட்ஜுக்கு அது போதுமாயிருந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இது எனக்குத் தோன்றியபோது ஆடி பிறந்திருந்தது. அவருக்கு எப்போது தோன்றிற்று என்று நான் கேட்டதில்லை. அந்த வருஷத்திலிருந்து உள்ளே இருப்பவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும் சேர்த்து ஒரே வக்காலத்து வாங்குவதை அவர் நிறுத்திவிட்டார் என்பது மட்டும் தெரியும். உங்கள் வக்கீலும் அப்படி ஒன்றை வாங்க நேர்ந்தால், அவர் கோபித்தாலும் பரவாயில்லை, ஒரு சொல் நினைவூட்டுங்கள். ஒருவனுக்காக உண்மை பேசப் போகும்போதும் அவனைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வீரணனும் பேச்சியும் எழுமலைப் பக்கம் அவள் பிறந்த ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக ஆபீசுக்கு வந்தார்கள். அங்கே வானம் பார்த்த பூமி, சோளம் விதைக்கலாம். வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"நான் போய் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா, வீரணா?"

"வேணாங்கய்யா" என்றாள் பேச்சி. "நீங்க பேசுனது போதும்." அன்று அவள் சிரிக்கவில்லை.

வீரணன் அவளைக் கையமர்த்தினார். "ஜட்ஜ் நேராகக் கேட்டார், வீரணா. அவருக்கு முன்னால் நான் பொய் சொல்லியிருக்கணுங்கிறியா?" என்று வக்கீல் கேட்டார்.

"அப்படிச் சொல்லலைங்கய்யா. ஒங்களால இன்னைக்கு வெளிய நிக்கிறேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூடத் தப்பில்லை." வீரணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா என்னைய வந்து கேட்டிருந்தீகன்னா, வயலு போனாப் போகுது, சொல்லிருங்கன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. அவுக மேல எனக்கும் அம்புட்டு ஆத்திரம் இருந்துச்சுங்கய்யா. சொல்லியிருப்பேனா மாட்டேனா, அதுகூட இப்ப எனக்குத் தெரியாமப் போச்சே."